வாளியோடு நின்ற சாக்ரடீஸ் சம்சாரம்

சித்திரக்கதை வரைகிறவரைக் கட்டிக்கொண்டதில் தையல்காரம்மாவுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, வாரப் பத்திரிகையில் அந்தக் கிரேக்கக் கதை ஆரம்பிக்கும்வரை.

அதில் பழங்காலத்து ஞானிகள் சந்தையில் நின்று வம்பளப்பார்கள். மேகத்துக்கு மேலே கடவுள்களின் ராஜா சியூஸ் தன் மின்னலை எங்கோ தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார். தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த டீச்சர் கடையில் உட்கார்ந்து அதைப் படித்துச் சிரித்தார். சிரித்தவர் தையல்காரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் போனதும் எடுத்துப் பார்த்தாள். சாக்ரடீஸின் மனைவி புருஷன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் தூக்கிப் போட்ட கொண்டை. தையல்காரம்மாவின் கை தன் கொண்டைக்குப் போனது.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த வாளிக்காரி யாரு?"

"சாக்ரடீஸ் சம்சாரம். சரித்திரத்துல இருக்கா."

"சரித்திரத்துல கொண்டையும் இருக்கா?"

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு அவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவள் குரலை உயர்த்தினால் அவர் பென்சிலைத் தேடுகிறாரோ? அறைக் கதவை ஏன் தாழிட்டுக்கொள்கிறார்? உள்ளே அவர் மட்டும்தான். ஆனால் யாரோ ஒருத்தி அதட்டுகிற சத்தம் கேட்கிறதே!

ஒருநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறமாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, காலி வாளியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவர் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

"தத்துவமாம் தத்துவம்! பால் வாங்கிட்டு வந்தியாய்யா?"

"வாளிக்காரி நீங்கதானா?" என்றாள் ஜன்னலிலிருந்து. "அப்போ சாக்ரடீஸ் யாரு?"

வாளி மெதுவாகக் கீழே இறங்கியது.

"நீதான். ஒரு பதில் சொன்னா அதுலேருந்து ஒம்பது கேள்வி கேக்குறே. வேற யாரைப் பார்த்து வரையறது?"

உள்ளே வந்து பலகையிலிருந்த படத்தைப் பார்த்தாள். தாடிக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கியபடி அவளே உட்கார்ந்திருந்தாள். கோபம்தான் வரவேண்டும், சிரிப்பு முந்திக்கொண்டது.

"அப்போ கொண்டை?"

"அது மட்டும் உன்னுது. என் தலையிலதான் ஒண்ணுமில்லையே."

அன்று கடையை மறுபடி திறக்கவேயில்லை. பழைய பக்கங்களையெல்லாம் பரப்பி வைத்து ஒவ்வொரு முகமாக விசாரித்தாள்.

"சியூஸ் உங்க பத்திரிகை ஆசிரியர்தானே?"

தலையாட்டினார்.

"முடியெல்லாம் பாம்பா நெளியுதே, இந்த மெடூசா?"

அவர் அவசரமாக ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. எங்க அக்கா மாடியிலதான் இருக்கா."