கெங்கம்மா கால்வாயில் போட்ட மாத்திரை

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டாவது மாடி வராந்தாவில் மொத்தம் பதினோரு வீடு, பதினோரு வீட்டிலும் டாக்டர்கள். யாரும் படிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. மூட்டுவலி மாத்திரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும், இருமல் மருந்து பாதி பாட்டிலோடு கைமாறும். பச்சை மிளகாய் கேட்டு வாங்குவதுபோல மாத்திரையும் கேட்டு வாங்குவார்கள். மிச்சமான மாத்திரை அட்டையை அங்கே யாரும் தூக்கிப் போட்டதாக மதி ஒரு நாளும் பார்த்ததில்லை. இதை அவள் கொஞ்சம் முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

மதிக்கு அப்போது முப்பத்தாறு வயது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டுக் கூண்டில் உட்கார்ந்து பாஸ் எழுதும் வேலை. வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரையும் நிறுத்தி, பெட்டியின் மேல் இருக்கும் நாலு எழுத்தையும் ஏழு எண்ணையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். புருஷன் லோகநாதனுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. மாதத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் கேரம் போர்டு. வீடு ஓடியது மதியின் சம்பளத்தில்தான். அது வராந்தா முழுக்கத் தெரியும். லோகநாதன் மட்டும் அதைக் கேள்விப்படாதவன் மாதிரி நடந்துகொள்வான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு நாள் ராயபுரம் பாலத்துக்கு மேலே பஸ்ஸில் நின்றபடியே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. செத்தோம் என்றுதான் நினைத்தாள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயம் நன்றாக இருந்தது. அடுத்த வாரம் திரும்ப வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று எழுதிய அறைக்கு அனுப்பினார்கள். பதற்ற நோய் என்றார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் பஸ் வெறும் பஸ்ஸாக ஆனது. பத்து மாதம் அப்படியே ஓடியது.

பக்கத்து வீட்டில் இருந்தவள் கெங்கம்மா, லோகநாதனின் அக்கா. புருஷன் போய் மூன்று வருஷம். வாய் மட்டும் போகவில்லை. அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில்தான் அவளுக்குக் குரல் திறக்கும்.

"இன்னாடி மதி, இன்னும் அந்த லூசு மாத்திரைய முழுங்கினுதான் கீறியா? நல்லா கீறவங்கோ துன்னா லூசாவத்தான் ஆவாங்கோ. என் தம்பி தலையெழுத்து."

குடத்தோடு நின்ற பெண்கள் சிரிப்பார்கள். அதில் ஒருத்திக்கு சர்க்கரை மாத்திரை, ஒருத்திக்கு பிரஷர் மாத்திரை, இன்னொருத்தி புருஷனுக்குச் சாயங்காலம் ஆனால் குவார்ட்டர். அதெல்லாம் கணக்கிலேயே வராது. மதிக்கு இவர்களைக் கண்டால் அற்பமாக இருந்தது. காகிதத்தில் நாலு எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாத கூட்டம் தன் மண்டையைப் படிக்கிறதாம்.

ஆனால் கெங்கம்மா சொன்னதால்தான் நிறுத்தினாள் என்றால் அது பாதிதான் உண்மை. மதிக்கே அந்த மாத்திரையின் மேல் இளக்காரம் இருந்தது. பி.காம். முடித்தவள், எட்டு வருஷமாக முரட்டு டிரைவர்களைக் கேட்டில் நிறுத்தி வைப்பவள், ஒரு மஞ்சள் மாத்திரைக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதா? நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு? டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்த வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இப்படிப்பட்ட புத்திசாலித்தனம் படித்தவர்களுக்குத்தான் வரும்.

மிச்சம் ஆறு அட்டை இருந்தது. கெங்கம்மா கையை நீட்டினாள்.

"குடு, நான் கால்வாய் பக்கம்தான் போறேன். போட்டுட்டு தலைமுழுகிடலாம்."

மதி கொடுத்தாள். அன்றைக்குப் பம்படியில் அவளை எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் வாரம் தலை சுற்றியது, தூக்கம் கெட்டது. தானாகச் சரியாகும் என்றான் லோகநாதன். சரியாகவும் ஆனது. நாலாவது மாதம்தான் பதற்றம் திரும்ப வந்தது, அதுவும் நெஞ்சில் வராமல் கண்ணில் வந்தது. பெட்டியின் எண்ணைப் படிப்பாள், எழுதுவாள், தப்பாக எழுதிவிட்டோமோ என்று தோன்றும். மறுபடி படிப்பாள். சரியாக இருக்கும். பாஸை நீட்டப் போகும்போது கை பின்வாங்கும், மூன்றாவது முறை படிப்பாள். தப்பான பெட்டி வெளியே போய்விட்டால் போலீஸ், கேஸ், ஜெயில் என்று மண்டைக்குள் ஓடும். சில சமயம் கூண்டை விட்டு இறங்கிப்போய் பெட்டியின் மேல் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் டிரெய்லர்கள் யார்டின் பின்சுவர் வரைக்கும் நின்றன.

ரஷீது என்ற டிரைவர் ஒரு நாள் கேபினிலிருந்து தலையை நீட்டினான்.

"இன்னா மேடம், பரிச்சைக்கா படிக்கிற? துறைமுகத்துல கப்பல் கெளம்பிடும், நீ இங்க மனப்பாடம் பண்ணிக்கினுகீற."

அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் காற்று உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்தன. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூண்டுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் கேட்டு திறக்கவில்லை.

யார்டு சூப்பர்வைசர் தவசிமுத்து திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கேட் வேலை நின்றால் மட்டும் அவருக்கு உறவு, பழக்கம் எதுவும் ஞாபகம் இருக்காது.

"இந்தா பாரு மதி, எட்டு வருசமாப் பாக்கேன், நல்ல புள்ளதான். ஆனா இன்னொருக்க கேட்டு நின்னுச்சுன்னா மேல உள்ளவங்க வேற ஆளப் போட்ருவாங்க. நான் தடுக்க முடியாது, பாத்துக்க."

வேலை போனால் லோகநாதனின் கேரம் போர்டை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். அன்று சாயங்காலம் மதி நேராகக் கெங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு அட்டையாவது மிச்சம் இருக்காதா என்கிற நப்பாசை. மாத்திரையை வேண்டாம் என்று வீசியவள் அதைத் தேடி வந்து நிற்கிறாளே என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அண்ணி, அந்த மாத்திர அட்டைய நெஜமாவே கால்வாயில போட்டியா?"

"பின்ன? அன்னிக்கே போட்டுட்டேன். இன்னாத்துக்குக் கேக்குற?"

"திருப்பி வந்துச்சு அண்ணி. வேல பூடும்போல கீது."

கெங்கம்மா யாராவது கேட்கிறார்களா என்று வராந்தாவை எட்டிப் பார்த்தாள். இது வழக்கமில்லாத சங்கதி. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள், வெற்றிலை எடுக்கப் போகிறாள் என்று மதி நினைத்தாள். கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒரு அட்டை வெளியே வந்தது. அதில் இரண்டு மாத்திரை மஞ்சளாக மிச்சம் இருந்தது.

"பாதி பாதியா ஒடச்சித்தான் போட்டேன்" என்றாள் கெங்கம்மா. "அந்த ஆளு போனதுலர்ந்து எனக்குத் தூக்கமே கெடையாது மதி. இத்தப் போட்டா கண்ணு அசருது."

மதிக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஐந்து மாதமாகப் பம்படியில் தன்னை லூசு என்று ஏலம் விட்டவள் ஐந்து மாதமாகத் தன் மாத்திரையைத் தின்று தூங்கியிருக்கிறாள். இப்போதே வராந்தாவில் நின்று கத்தினால் போதும், பதினோரு வீடும் வெளியே வரும். வாய் வரைக்கும் வந்தது. கெங்கம்மாவின் கை அந்த இரண்டு மாத்திரையை நீட்டியபடியே இருந்தது. அவளுக்கும் அதுதான் கடைசி இரண்டு.

"நாளைக்கு என்கூட கெளம்பு" என்றாள் மதி. "உனுக்கும் சேத்து சீட்டு போடலாம். தானா ஒடச்சித் துன்னுக்கினு இருக்காத."

"பைத்தியக்கார வார்டுக்கா?"

"ஆமா அண்ணி. லூசுங்க போற எடந்தான்."

மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் கெங்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். மதி டாக்டரிடம் வாங்கப்போகும் ஏச்சுக்கு வரிசை முழுக்கப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான்."

"எவ்வளவு நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

"சரி, வந்துட்டீங்கல்ல. கம்மியா ஆரம்பிக்கலாம். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். இனிமே நிறுத்தணும்னா இங்க வந்து சொல்லிட்டு நிறுத்துங்க. அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

இவ்வளவுதானா? இந்த ஒரு நிமிஷத்துக்காகவா தோற்றுப்போனவள், கையாலாகாதவள் என்று அத்தனை பட்டம் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டோம் என்று மதிக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலே ஒரு நிம்மதியாகவும் இருந்தது. வெளியே வந்து, முந்தானைக்குள் இருந்த கெங்கம்மாவை உள்ளே தள்ளினாள்.

இரண்டு நாளில் பம்படியில் கெங்கம்மாவின் குரல் திரும்பத் திறந்தது. "தனியா அனுப்ப முடியுமா அந்தப் பொண்ண? தொணைக்குப் போனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குடத்தோடு வந்த மதி அதைக் கேட்டாள். திருத்தவில்லை. திருத்துகிற அளவுக்கு அந்தக் கூட்டத்துக்கு மரியாதை கொடுக்க அவளுக்கு மனம் இல்லை. அன்று முதல் ராத்திரி மாத்திரையை உள்ளே போடாமல் வராந்தாவில் நின்று, எல்லோரும் பார்க்க, சொம்புத் தண்ணீரோடு போட்டாள். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொருத்தி போடுவது அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்த மூன்று வாரத்தை அவள் பல்லைக் கடித்து ஓட்டினாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை படித்தாள், பிறகு இரண்டு முறை. கேட்டு மெதுவாக நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. கப்பல் கிளம்பும் நாள். வரிசை யார்டின் பின்சுவரைத் தொட்டுவிட்டது, தவசிமுத்து கடிகாரத்தைப் பார்த்தபடி கூண்டுக்குப் பின்னால் வந்து நின்றார். ரஷீதின் வண்டி வந்தது. மதி நாலு எழுத்தைப் படித்தாள், ஏழு எண்ணைப் படித்தாள், எழுதினாள், முத்திரை குத்தினாள். தலை தானாகப் பெட்டிப் பக்கம் திரும்ப முயன்றது. அவள் பாஸை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இன்னா மேடம், அவ்ளோதானா?" என்றான் ரஷீது.

"அவ்ளோதான். வண்டிய எடு, பின்னாடி ஆளு நிக்கிது."

வண்டி போன பிறகும் அவள் அந்த எண்ணைத் திரும்பப் பார்க்கவில்லை. அடுத்த வண்டியின் காகிதத்துக்குக் கையை நீட்டினாள்.