மடிப்புக்குத் தப்பிய வீடு

முன்னறையில் நாற்காலி தரையை உரசும் சத்தம் கேட்டது. பின்னறையில் லாரி இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்த ஊசியக்காவின் கால்கள் தையல் மிஷின் மிதியில் அப்படியே நின்றன. தொடர்ந்து ஒரு வறட்டு இருமல். யாரென்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நகரமைப்பு அலுவலகத்தில் பிளான் வரைகிறவர்! போன வாரம் நாலு பேர் முன்னால் அவளிடம் மூக்குடைபட்டவர்!

"வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்கா. நீங்க அளக்க வந்தீங்களா, இல்ல நேரா இடிக்கவே வந்துட்டீங்களா?" என்று கேட்டார் அவள் கணவர். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டி முதுகு போனவர். வாய் மட்டும் போகவில்லை.

ஊசியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. பல்லிடுக்கில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஊருக்குள் பெரிய சாலை ஓடிய காலத்தில் அவள் கடையில் ஓய்வே கிடையாது. ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டார்கள். லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. அவளும் சும்மா இருக்கவில்லை. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு லாரிகளின் பின்னாலேயே போனாள். பைபாஸ் ஓரம் சின்னதாக ஒரு மனை வாங்கி, முன்னால் வீடு, பின்னால் தையலறை என்று கட்டினாள். ஒன்பது வருட உழைப்பு, ஒவ்வொரு செங்கல்லிலும் அவள் விரல் வலி இருந்தது.

அந்த வீட்டுக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் இடி விழுந்தது. எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் மரம் என்று புதிய பிளான் வந்தது. பைபாஸ் ஓரமாக ஒரு பட்டை நிலத்தில் மரம் மட்டும்தான் இருக்கலாமாம். அந்தப் பட்டையின் எல்லைக்கோடு அவள் தையலறைக்குப் பின்னால் ஓடியது. வீடு முழுக்க மரத்துக்குப் போய்விட்டது!

ஆட்சேபம் சொல்லும் நாளில் அலுவலகக் கூடத்தில் ஒருவர் கத்தினார், ஒருத்தி அழுதாள். ஊசியக்கா அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பிளானையே வெட்டப்போகும் துணியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"சார், இது கோடு இல்ல. மடிப்பு."

"அம்மா, இது பிளானு. உங்க ரெக்சின் இல்ல," என்றார் வரைகிறவர்.

"ரெக்சினா இருந்தா நான் மடிச்சிருக்கவே மாட்டேனே! சுருட்டியில்ல வெச்சிருப்பேன். மடிச்சா அந்தத் தழும்பு போகாது சார். பாருங்க, ஓரத்துலேருந்து இந்தக் கோடு சரியா கால்வாசியில வருது. நடுவுல ஒண்ணு, முக்கால்ல ஒண்ணு, இதே மாதிரி நிழல் தெரியுது. குறுக்காலயும் ஒண்ணு போகுது. எட்டா மடிச்ச காகிதம் சார் இது."

கூடமே சிரித்தது. வரைகிறவர் முகம் சிவந்து உள்ளே போனார்.

அந்த மனிதர்தான் இப்போது முன்னறையில். ஊசியக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டு வந்தாள்.

வந்தவர் கையில் நீளமான குழாய். அதிலிருந்து ஒரு தாளை உருவினார். மடிக்காமல் சுருட்டியிருந்ததை அவள் கண் முதலில் கவனித்தது.

"நீங்க சொன்னதுதாம்மா சரி," என்றார் அவர், தலை நிமிராமல். "பழைய பிளானைத் தேடி எடுத்தேன். உண்மையான எல்லை பென்சில் கோடு. அழிஞ்சே போச்சு. புதுப் பிளானுக்காக அதை நகல் எடுத்தப்ப மடிப்பு கறுப்பா விழுந்திருக்கு. அதையே எல்லைன்னு வரைஞ்சுட்டோம். மரம் வைக்கிற இடம் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல. உங்க வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்."

"அப்ப எங்க வீடு..."

"வீடும் கடையும் இருக்கலாம். திருத்தத்துல எங்க பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டாச்சு. இந்தாங்க."

ஊசியக்கா அந்தத் தாளைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக ஒரு சொட்டுக்கூட வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. மடை திறந்தாற்போல வந்தது.

"மடிச்சு வெச்ச மகராசன் யாரு சார்?" என்று கேட்டார் கணவர்.

வரைகிறவர் இருமினார். "பீரோவுல இடமில்லன்னு... இருபது வருஷத்துக்கு முன்னாடி... நான்தான்."

கணவர் சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. "ஐயோ! அடியே, பிடி!" என்று அலறினார். அழுதுகொண்டிருந்தவள் அவரைப் பிடித்தபடியே சிரித்தாள்.

"என் ஸ்கூட்டர் சீட்டும் கிழிஞ்சிருக்கும்மா," என்றார் வந்தவர் தயங்கி.

"கொண்டாங்க சார். மடிப்பே இல்லாம தெச்சுத் தரேன்."

அவர் விடைபெற்று வாசலிறங்கினார். அந்த வாசற்கதவு கீல் தளர்ந்து மூன்று மாதமாகச் சாய்ந்து கிடந்தது. இடிக்கப்போகிற வீட்டுக்குக் கீல் எதற்கு என்று, வாங்கி வைத்த புதுக் கீலையும் மாட்டாமல் கணவர் விட்டிருந்தார். ரெக்சின் வாரால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள்.

"என்னங்க, புதுக் கீலு எங்க வெச்சீங்க?"

"கட்டிலுக்கடியில. சாயங்காலம் மாட்டிடறேன்."

ஸ்கூட்டர் சத்தம் பைபாஸ் பக்கம் தேய்ந்து மறைந்தது. ஊசியக்கா வாரை அவிழ்த்தாள். கதவை இரு கையாலும் தூக்கிப் பிடித்து, நிலைக்குள் பொருத்தி, தோளால் ஒரு தள்ளு தள்ளினாள்.

கதவு சாத்திக்கொண்டது.