சிதம்பரநாதன் தின்ற குளியல் பொடி

பாண்டி பஜாரில் வளையலும் ரிப்பனும் விற்றுவந்த சிதம்பரநாதனுக்கு, எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் இயற்கையின் மேல் திடீர்ப் பற்று வந்தது. எதிர்க்கடைக்காரர் ஃபாரின் சோப்பு என்று எதையோ விற்றுக் கூட்டம் சேர்த்ததுதான் காரணம். மனைவி தங்கபுஷ்பத்திடம் சொல்லிப் பயத்தம்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் காயவைத்து அரைத்தார். குளியல் பொடியை டப்பாவில் அடைத்து, 'கலப்படமற்ற இயற்கை' என்று போர்டும் மாட்டினார்.

மயிலாப்பூர் நீரஜா மாமி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள்.

"சாயம் ஏதாவது கலந்திருக்கேளா? மஞ்சள் தூக்கலா இருக்கே."

"சாயமா? சாப்பிடவே செய்யலாம் மாமி!" என்றவர், ரோஷத்தில் ஒரு கரண்டிப் பொடியை வாயில் கொட்டிக்கொண்டார். தொண்டை அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. மாமி அசந்துபோய் வாங்கினாள். வேடிக்கை பார்த்தவர்களும் வாங்கினார்கள்.

அன்று பிடித்தது சனியன். வந்தவர்கள் எல்லாரும் தின்றுகாட்டச் சொன்னார்கள். ஃபாரின் சோப்பைக் கடித்துக்காட்டு என்று எதிர்க்கடையில் ஒருவரும் கேட்கவில்லை. இயற்கைக்குத்தான் அத்தனை பரீட்சையும். ரிக்‌ஷாக்காரர் கிச்சா சவாரி இல்லாத நேரமெல்லாம் கடைவாசலில் நின்றார்.

"இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி கரண்டி?"

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "இது என்ன திங்குத சாமானா? கொடல் வெந்துரும்."

"நிறுத்துனா கலப்படம்னு சொல்லிருவாவ புள்ள" என்றார் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

கௌரவத்தையும் விடமுடியவில்லை, வயிறும் கேட்கவில்லை. ஆகவே முதலில் பூலாங்கிழங்கு காணாமல் போயிற்று. அப்புறம் கஸ்தூரி மஞ்சள். அந்த இடத்துக்குப் பொட்டுக்கடலை வந்தது, வாசனைக்கு ஏலக்காய் வந்தது. கடைசியில் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தது. கரும்பும் செடிதானே என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தினார். இப்போது கரண்டி கரண்டியாகச் சிரித்த முகத்தோடு தின்றார்.

நீரஜா மாமி மறுபடி வந்தாள். "இதைத் தேச்சுண்டா எண்ணெயே போகமாட்டேங்கறது. பாத்ரூம் பூரா எறும்பு!"

சிதம்பரநாதனுக்கு முகம் செத்துவிட்டது.

"அது கிடக்கட்டும். இன்னும் நாலு டப்பா குடுங்கோ. கொழந்தைகள் நெய் விட்டுப் பிசைஞ்சு ஒரே நாள்ல தீர்த்துடறதுகள்."

மறுநாளே போர்டை அழித்து 'சத்து மாவு' என்று எழுதிவிட்டார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. பழக்கம் விடாமல் அவரும் தின்றதில் கன்னம் உப்பி, முகம் மினுமினுத்தது. ஒருநாள் அடையாற்றிலிருந்து வந்த சொர்ணம் டீச்சர் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"முகத்துக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணும் போடறதில்லம்மா. இந்த மாவைத் திங்கறதோட சரி."

டீச்சர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டப்பா சத்து மாவு வாங்கிப்போய் முகத்தில் பூசிக்கொண்டாள்.