கார்குழலியின் இரண்டு நீச்சலுடைகள்

திருவொற்றியூர் கடலோரத்தில் வளர்ந்த கார்குழலி, விம்கோ நகருக்கு அருகே இறால் பதப்படுத்தும் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை பார்த்துவந்தாள். கைவிரல்கள் எப்போதும் வெளிறி ஊறிப்போய் இருக்கும். வேலை முடிந்ததும் கடலில் இறங்கிவிடுவாள். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் வேலை ஒன்று நகராட்சிக் குளத்தில் காலியாக இருந்தது. அதற்கு, கடல் நீச்சல் போட்டி ஒன்றையாவது முழுமையாக முடித்த சான்றிதழ் வேண்டும். முந்தைய ஆண்டு பாதி வழியிலேயே அவளைப் படகில் ஏற்றிவிட்டார்கள். அந்த வேலைக்கான வயது வரம்பு அவளுக்கு இந்த ஆண்டோடு முடிகிறது.

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, எண்ணூரிலிருந்து காசிமேடு வரை போட்டி. அதற்கு முந்தின நாள் உடைச் சோதனை. உடை துணியால் ஆனதாக இருக்க வேண்டும். ரப்பர் கூடாது, ஜிப் கூடாது. கணுக்கால் வரை நீளலாம், ஆனால் கழுத்தையும் தோளையும் மூடக்கூடாது. சோதிப்பவர் யேசுதாஸ் என்ற பழைய நீச்சல்காரர். துணியின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். ஊறி இறங்கினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் ரப்பர் கலந்தது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கார்குழலி இரண்டு உடைகளைக் கொண்டுபோயிருந்தாள். ஒன்று அவளுடையது. நீலமாக இருந்து சாம்பலாக வெளுத்தது, இழுவை போனது, பின்பக்கம் சல்லடையாகத் தேய்ந்தது.

"இன்னாம்மா இது, இதுல இறால் வடிகட்டுவியா?" என்றார் யேசுதாஸ்.

இன்னொன்று கருப்பு. கணுக்கால் வரை நீண்டது, பளபளப்பானது. தையல் உடம்போடு படிந்து கிடந்தது, அக்குளை அறுக்காது. அவர் தண்ணீர் தெளித்தார், ஊறியது. இரண்டையுமே அனுமதித்தார். கருப்பைப் போட்டால் தண்ணீர் இழுக்காது, கரை சேர்ந்துவிடலாம் என்றும் சொன்னார்.

அந்தக் கருப்பு உடை ரூஹியுடையது. ரூஹி, கம்பெனியில் கார்குழலியோடு வேலை பார்க்கும் அஜீசாவின் தங்கை. முந்தைய ஆண்டு எண்ணூர்ப் பக்கம் பயிற்சிக்கு இறங்கியவள் உயிரோடு திரும்பவில்லை. உடம்பு கிடைத்து, அடக்கமும் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த உடையை அஜீசா துவைத்துத் தண்டையார்பேட்டை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். அதைத் தோழியிடம் கொடுத்தபோது, தங்கை முடிக்காததை இதாவது முடிக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். வேண்டாமென்று சொல்லக் கார்குழலிக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சோதனை முடிந்து வரும் வழியிலேயே, தன் பழைய உடையில்தான் நீந்துவது என்று முடிவு செய்துவிட்டாள்.

இரண்டையும் வீட்டுக் கொடியில் உலர்த்திவிட்டுக் கடைக்குப் போனாள். அவள் அம்மா கெங்கம்மா இதுவரை மகளின் நீச்சலுடையைக் கண்ணால் கண்டதில்லை. சுடிதாரோடுதான் நீந்துகிறாள் என்று நினைத்திருந்தாள். உடை எப்போதும் கம்பெனி அலமாரியிலேயே இருந்துவந்தது. கடலில் போனவளின் துணி வீட்டுக்கு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் காதில் போட்டிருந்தாள்.

அவர்கள் தெருவில் அதற்கு ஒரு முறை உண்டு. கடல் கொண்டுபோனவரின் துணியை வீட்டில் வைப்பதில்லை. மஞ்சள் கயிற்றால் கல்லோடு கட்டிக் கடலுக்கே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. அந்தப் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால், அங்கே இருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து வருவார்கள்.

கார்குழலி திரும்பியபோது கொடியில் கருப்பு மட்டும் தொங்கியது.

"செத்தவ துணி வூட்ல இருந்தா கடலு வாசல்ல வந்து நிக்கும். அதான் குடுத்துட்டு வந்தேன்" என்றாள் கெங்கம்மா.

"எத்தம்மா குடுத்த?"

"பழசத்தான். பளபளன்னு புதுசா கீதே, அது உன்துன்னு வுட்டுட்டேன்."

கருப்புதான் ரூஹியுடையது என்று மகள் சொன்னாள். கெங்கம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. உயிரோடு இருக்கும் பெண்ணின் துணியைச் செத்தவள் துணி என்று சொல்லிக் கடலிடம் ஒப்படைத்தாகிவிட்டது. போகாதே என்று கெஞ்சினாள். வயது வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது என்றாள் மகள்.

காலையில் கருப்பு உடையை மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தண்ணீரில் இறங்கியதும் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. முதுகில் மட்டும், உள்ளங்கை வைத்ததுபோல ஓரிடம் வெதுவெதுப்பாக இருந்தது, கடைசிவரை ஆறவில்லை.

துணைப்படகைச் சுயம்பு ஓட்டினார். குளுக்கோஸ் தண்ணீரோடு அஜீசா உட்கார்ந்திருந்தாள். மணலித் தொழிற்சாலைப் புகை கடல்மேல் படிந்திருந்தது. எர்ணாவூர் தாண்டியதும் சுயம்பு விசில் ஊதத் தொடங்கினார். கார்குழலி தலை தூக்கினாள். படகு பக்கத்திலேயே இருந்தது. சுயம்பு அவள் இருந்த இடத்தைப் பார்த்தார்; பார்வை நிற்காமல் அவளைக் கடந்து போனது. கை உயர்த்தினாள், கத்தினாள். அவர் படகைத் திருப்பிக்கொண்டு வடக்கே தேடிப் போனார். அஜீசா மட்டும் அவளையே பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கார்குழலி நீந்தினாள். நிறுத்தினால் தன்னை ஏற்றிக்கொள்ளப் படகே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. காசிமேட்டில் முடிவுக்கயிற்றைத் தொட்டுப் பிடித்தாள். அருகே இடுப்பளவு தண்ணீரில் யேசுதாஸ் நின்றிருந்தார். "சார்" என்றாள். அவர் அவள் தலைக்கு மேலாகத் தொலைவில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தியைக் காணவில்லை என்று படகிலிருந்து செய்தி வந்திருந்தது. கரையில் கெங்கம்மாவிடமும் அதைச் சொல்லியிருந்தார்கள்.

கெங்கம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி நின்றாள். கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் யார் வருவார்களோ. பிறகு தலைப்பை விட்டாள். கடலைப் பார்த்து, தொண்டை கிழிய, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

யேசுதாஸ் திடுக்கிட்டுக் குனிந்தார். "எப்பம்மா வந்த நீ?"

நேரத்தைக் குறித்தார். உடையைத் தொட்டுப் பார்த்துச் சரி என்றார். சான்றிதழ் அன்றே கிடைத்தது. ஏப்ரலில் வேலையும் கிடைத்தது.

அதெல்லாம் பிறகு. அன்று, படகு கரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்திருந்த கார்குழலியின் பக்கத்தில் அஜீசா வந்து உட்கார்ந்தாள். கெங்கம்மா நெருங்கி வரவில்லை. தள்ளி நின்று, வந்திருப்பது மகள்தானா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்த உடையை உடனே கழற்றிக் கொடு, கடலில் விட்டுவிடுகிறேன் என்றாள். கார்குழலி எழப்போனாள். அஜீசா அவள் கையைப் பிடித்தாள்.

"சுயம்பண்ணன் கண்ணுக்கு யாருமே தெரியல குழலி. எனக்குத் தெரிஞ்சுது. நீ இருந்த எடத்துல ரூஹி நீந்திகினு இருந்தா. வாயத் தொறந்தா போயிடுவாளோன்னு சும்மா இருந்துட்டேன்." கையை விடவில்லை. "காயற வரைக்கும் போட்டுகினே இரு."

கார்குழலி உட்கார்ந்தாள். வெயில் ஏறியும் உடம்பு நடுங்கியது. அஜீசா அவள் முகத்தைப் பார்க்காமல், கணுக்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டபடி, வீட்டுச் சேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவை எதுவும் கார்குழலிக்குச் சொன்னவை அல்ல.