மொந்தன் தோட்டமும் என் ஆறாம் வகுப்பும்

வாழைக் கறை முதலில் கறையாகவே தெரியாது. வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் மாதிரிதான் சொட்டும். கையில் பட்டால் சில்லென்று இருக்கும், நாக்கில் பட்டால் துவர்க்கும். காய்ந்த பிறகுதான் பழுப்பாகி, துவைக்கத் துவைக்கக் கறுத்து, துணியோடு துணியாக ஒட்டிக்கொள்ளும். பதினொரு வயதில் என்னிடம் இருந்த இரண்டு பாவாடைகளிலும் அந்தக் கறை ஏறிவிட்டது. புளி போட்டு, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு அம்மா, "இது போவாது, வுடு. தோட்டத்துக்குத்தானே கட்டிக்கப் போற" என்றாள். பள்ளிக்கூடம் போகும்போது எதைக் கட்டிக்கொள்வது என்று நான் கேட்டேன். அம்மா பாவாடையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. செங்கல்பட்டு ஜில்லாவில், திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் போகும் பாதையை ஒட்டி எங்கள் ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் காற்று மட்டும் தவறாமல் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகும். ஏரி இரண்டு வருஷமாக நிரம்பாமல் நெல் காய்ந்து போனதால், நைனா (அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மதுராந்தகத்தில் இருந்த அம்மாவின் அண்ணனைப் பார்க்கப் போனார். போனவர் ஏரிக்கரையோரம் மாமா வைத்திருந்த வாழைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, பித்துப் பிடித்தவர் மாதிரி திரும்பி வந்தார். "நெல்லு இன்னா நெல்லு? நாலு மாசத்துல வெறுந்தாளா நிக்கும். வாழைய ஒருவாட்டி வெச்சிப் பாரு, தாய் போனா புள்ள, புள்ள போனா பேரன், அது பாட்டுக்கு வந்துகினே இருக்கும்" என்று வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் கிணற்றில் ஏற்றம்தான். மேலே ஏற்ற மரத்தில் ஏறி மிதிக்க நைனா, கீழே சால் பிடித்து ஊற்ற அம்மா, வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மடை திருப்பிவிட ஓர் ஆள். அந்த மூன்றாவது ஆள் நான். வீட்டில் நான் ஒரே பெண், வேறு பிள்ளை இல்லை. அப்போது ஐந்தாவது தேறியிருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை உண்டு, ஆனியில் ஆறாவது திறக்கப் போகிறது. எனக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. வாத்தியார் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, "சரோஜா வாயை மூடு, மத்தவங்க சொல்லட்டும்" என்பார். அப்படிப்பட்டவளை நைனா ஒரு காலையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தலையைத் தடவினார்.

"ஒரே ஒரு வருசம் கண்ணு. இந்த ஆனில கன்னு வெக்கறோம், அடுத்த ஆனிக்குள்ள தாரு வெட்டிடலாம். அப்பால மடை திருப்ப ஒரு ஆள வெச்சிட்டு நீ பாட்டுக்கு ஆறாவது போயிடு. வாத்தியாருகிட்ட சொல்லிட்டேன். ஒம் பேரு அப்படியே இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷம்தானே, ஓடிப்போய்விடும் என்று எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மாமா வண்டியில் இருநூறு மொந்தன் கன்று அனுப்பினார். இலை ஈட்டி மாதிரி ஒடுங்கி இருக்கும் கன்றுதான் நல்ல கன்று. இலை அகலமாக, பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பதற்குக் கிழங்கில் பலம் இருக்காது. நைனாவுக்குக் கொழுகொழுதான் பிடித்தது. மாமா கூட வந்திருக்காவிட்டால் அதையே கேட்டு வாங்கியிருப்பார். குழி தோண்டி வெயிலில் ஆறப் போட்டோம். கிழங்கின் பழைய வேரைச் சீவி, சாணிக் கரைசலில் முக்கி, குழிக்கு ஒன்றாக இறக்கினோம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று ஓடி ஓடி வாய்க்காலை வெட்டிவிட்டேன். கடல் காற்றுக்குச் சாயாமல் இருக்க, கரையோரத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து கொம்பு கொண்டுவந்து ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்தோம். நைனா கட்ட, நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தாயைச் சுற்றி முளைக்கிற பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சின்னக் கடப்பாரையால் பெயர்த்து எடுக்கும் வேலை முழுக்க என்னுடையது. மாசியில் முதல் மரம் பூத் தள்ளியபோது, "அம்மா, தள்ளிடுச்சு, தள்ளிடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பங்குனியில் முதல் ஆள் வந்தார். "இன்னா அண்ணாத்த, தோட்டம் ஷோக்கா கீது! வெள்ளிக்கெழம நம்ம வூட்ல முகூர்த்தம். வாசல்ல கட்ட ரெண்டு மரம் வேணுமே."

"அதுக்கு இன்னா, எட்த்துகினு போ. நல்ல காரியத்துக்கு இல்லேன்னு சொல்ற வாயா இது?"

கல்யாண வாசலில் கட்டுகிற மரத்துக்கு ஒரு லட்சணம் உண்டு. தாரும் இருக்க வேண்டும், நுனியில் பூவும் தொங்க வேண்டும். அதாவது முற்றாத காய். முற்றுகிற வரைக்கும் காத்திருந்தால் வாசலுக்கு ஆகாது. வாசலுக்கு வெட்டினால் சந்தைக்கு ஆகாது. முகூர்த்தம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது அந்தப் பிஞ்சுக் காயை ஆடுதான் தின்னும். ஊர்வழக்கப்படி அதற்கு விலை கேட்பது கேவலம். கேட்டால் "மங்கள காரியத்துல கை நீட்றான் பாரு" என்பார்கள். ஒருவர் கொண்டுபோனதும் அடுத்த தெரு வந்தது, அடுத்த ஊர் வந்தது. வாசலுக்கு இரண்டு, பந்தல் காலுக்கு இரண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு. நைனா வாயிலிருந்து "இல்லை" என்ற ஒரு சொல் வரவில்லை. வந்தவர்கள், "வாழையடி வாழையா நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துவார்கள். அவர் முகம் மலர்ந்துபோகும். "கடத்தேங்கா எட்த்து வழிப்புள்ளையாருக்கு ஒடைக்கறாரு ஒங்க நைனா" என்று அம்மா சால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே முணுமுணுப்பாள். அந்தக் கடைத்தேங்காய் என் ஆறாவது வகுப்பு என்பது எனக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை.

ஆனி வந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த மரமெல்லாம் யார் யார் வாசலிலோ நின்று முடிந்து, குட்டையும் சொத்தையுமாக மிஞ்சியதைத்தான் திருக்கழுக்குன்றம் சந்தைக்கு வெட்டினோம். ஆள் வைக்கிற பேச்சே எழவில்லை. நைனா மறுபடியும் தலையைத் தடவினார். "கன்னு எல்லாம் எப்படி வந்துகினு கீது பாரு. இந்த மறுகாய்ப்பு மட்டும் வரட்டும் கண்ணு. அடுத்த ஆனிக்கு நீ கண்டிப்பா ஸ்கூலு." பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற சத்தம் தோட்டத்துக்குக் கேட்கும். அது கேட்கிற நேரத்தில் நான் வேண்டுமென்றே மண்வெட்டியால் வாய்க்கால் கல்லைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் வாத்தியாரே வந்தார், தன் பெண் கல்யாணத்துக்கு மரம் கேட்டு. என்னைப் பார்த்ததும் "எப்போ வர்றே?" என்று கேட்பார், நைனா வசமாக மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். வாத்தியார் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கிணற்றோரம் நின்ற இரண்டு மரங்களைக் காட்டினார். இருக்கிறதிலேயே உசத்தி அவைதான். நான் குடத்தில் சாணித் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. நைனா அரிவாளை என் கையில் கொடுத்தார். வெட்டினேன். வண்டியில் ஏற்றும்போது வாத்தியார் என் பக்கம் திரும்பி, "தோட்டத்தை ஜோரா வெச்சிருக்கியே சரோஜா, கெட்டிக்காரிதான்" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. நான் அரிவாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் நைனாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றத்துக்குத் தேர் பார்க்கப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தலை மறைந்ததும் சின்னக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும், ஒவ்வொரு தாய் மரத்தை ஒட்டியும் அடுத்த காய்ப்புக்கென்று விட்டிருந்த அந்த ஒற்றைக் கன்றின் குருத்தில் இறக்கி, நாலு பக்கமும் ஆட்டி ஆட்டிக் குடைந்தேன். நடுக்குருத்துச் செத்தால் கிழங்கு பிழைக்காது. தாய் மரம் இந்தத் தாரோடு முடிந்துவிடும், பின்னால் வருவதற்கு எதுவும் இருக்காது, தோட்டமே இல்லையென்றால் மடை திருப்ப ஆள் எதற்கு? அதுதான் என் கணக்கு. கணக்கில் நான் தப்புப் போட்டதே இல்லை. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன். தேரிலிருந்து திரும்பிய அம்மா என் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள்.

பத்து நாளில் கன்றெல்லாம் அழுகிச் சாய்ந்தது. நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார், இன்னொன்றைப் பிடுங்கிப் பார்த்தார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், விழ வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அடித்தால் திருப்பிக் கத்தலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி வுடு கண்ணு, போனா போவுது. மாமன் தோட்டத்துல கன்னுக்கா பஞ்சம்? வண்டி கட்டிகினு போயி எட்த்தாந்துடலாம். குழி வெட்றதுலேர்ந்து எல்லாம் ஒனக்குத்தான் அத்துப்படியாச்சே." கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷனிடம் எப்படி ஐயா சண்டை போடுவது?

அந்த ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, யாரிடமும் சொல்லாமல், கறை பட்ட பாவாடையோடேயே போனேன். வாத்தியார் வராந்தாவில் நின்றிருந்தார். "ஆறாவதுல உட்காரட்டுமா அய்யா?" என்று கேட்டேன். அவர் என்னையும் பாவாடையையும் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் பேரே இல்லையேம்மா. உங்க நைனாதான் வந்து கையெழுத்துப் போட்டுப் பேரை எடுத்துட்டாரே, நீங்க கன்னு வெக்கறதுக்கு முன்னாடியே. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

திரும்பி வந்தேன். நைனா ஏற்றத்தின் மேல் நின்றிருந்தார். கீழே நின்றபடியே, "என் பேர எடுத்துட்டியா நைனா?" என்று கேட்டேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார். அம்மா சாலைப் பிடித்தபடி குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஆமா கண்ணு. சொன்னா நீ அழுவியேன்னுதான் சொல்லல" என்றார் நைனா. குரலில் அத்தனை அன்பு. பொய்யே இல்லை, உண்மையான அன்பு. அதைத்தான் இன்றைக்கு வரைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் அழவில்லை. தண்ணீர் பாத்தியைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது, போய் மடையைத் திருப்பினேன். புதுக் கன்று வந்தது, அதற்கும் மறுகாய்ப்பு வந்தது, பதினாறு வயதில் கல்யாணமாகி வெளியேறுகிற வரைக்கும் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாவது படித்தவள் இப்படி எழுதுகிறாளே என்று சிலர் கேட்கிறார்கள். கட்டிக்கொண்டவர் தபாலாபீஸில் வேலை பார்த்தார், லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்துவந்து போடுவார். நன்றாக இருக்கட்டும் மகராசன். நைனா செத்தபோது ஊரே திரண்டு வந்து அழுதது, இல்லை என்று சொல்லத் தெரியாத புண்ணியவான் என்று. எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்லு நெஞ்சுக்காரி" என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். கல்யாண மண்டப வாசல்களில் பிளாஸ்டிக் வாழைமரம் நிற்கிறது. ஐயோ, காலம் கெட்டுவிட்டதே என்று அங்கலாய்க்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் மட்டும் மாடிக் கட்டடமாகி அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் மகன் காரில் அந்தப் பக்கம் போனபோது நிறுத்தச் சொல்லி உள்ளே போனேன். தலைமையாசிரியை சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. பழைய பதிவேட்டில் ஒரு பேரைப் பார்க்க வேண்டும், அடித்திருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருந்தது என்று கண்ணால் பார்த்தால் போதும் என்றேன். அவள் பொறுமையாக ஆள் விட்டுத் தேடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து நோட்டெல்லாம் கரையான் அரிச்சிடுச்சாம்மா, எதுவும் இல்ல" என்றாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா ஆச்சு, இன்னாம்மா ஆச்சு" என்கிறான், எனக்கு நிறுத்தவே முடியவில்லை. நான் அழுவேன் என்றுதானே சொல்லாமல் விட்டார் நைனா, அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.