தம்பி கடைசியாகக் குடித்த பால்

அம்மாவின் ஆண்டுத் திதிக்கு அரிசிக் கூப்பன் தட்டுப்பாட்டையும் பாராமல் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

செத்த வீட்டில் பலர் அம்மாவைத் தெய்வம் என்றார்கள். சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அம்மா தெய்வமல்ல. அம்மா பெரிய கோபக்காரி. கஞ்சி ஊற்றும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் ஊற்றுவார். திட்டு வாங்காமல் அம்மா கையால் சாப்பிட்டவர் இந்த மாத்தளையில் யாராவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும்.

அம்மா பிறந்தது துறையூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பொய்த்த ஓர் ஆண்டில் தாய் தகப்பனோடு மண்டபம் முகாமைக் கடந்து, கப்பலேறி இலங்கைக்கு, மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் ஆகும்வரை கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். கல்யாணத்துக்குப் பின் இருவரும் டவுனுக்கு வந்து, அலுவிகாரைக்குப் போகும் ரோட்டோரம் ஒற்றை அறை வீடொன்றில் குடியேறினார்கள். நானும் என் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை.

தம்பி தவழத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பெரிய காய்ச்சல் வந்தது. ஆறு வற்றிக் குட்டை குட்டையாய்க் கிடந்தது. கொசு பெருகியது. கலேவெலப் பக்கத்துக் கிராமங்களில் அடுப்பு மூட்ட ஆளில்லை என்றார்கள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியைத் தேடி ஜனங்கள் எங்கள் ரோட்டில் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா வெறும் வண்டியோடு திரும்பும்போதெல்லாம் வழியில் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் இறக்குவார். அம்மா கஞ்சிப் பானையை வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். எங்கள் அரிசியும் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் கூடிக்கொண்டு போனது.

"மடமடன்னு குடிங்க. குடிச்சிட்டு எந்திரிச்சுப் போங்க. எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அம்மா சத்தம் போடுவார். யாராவது எழுந்து போகப் பார்த்தால், "இந்த வெயில்ல எங்க போறீங்க, உக்காருங்க" என்று அதற்கும் சத்தம் போடுவார்.

நாலு வீடு தள்ளிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவோம். அவருடைய மனைவி பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சலில் போய்விட்டார். பிறந்தது பெண் குழந்தை. டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள், அது வயிற்றில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் நானா குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார், "ஒம் ஒடம்புல இருக்கிறதே ஒரு புள்ளைக்குத்தான் காணும்."

"ஒரு புள்ளைக்குத்தான்னு எந்தச் சாமி அளந்து வச்சிச்சு?" என்று அம்மா கேட்டார்.

பிறகு அம்மாவுக்கே காய்ச்சல் வந்தது. நடுக்கத்தில் கட்டில் ஆடும். பால் நின்றுவிட்டது. இரண்டு குழந்தைகளும் சேர்ந்து அழுத அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அப்பா அம்மாவை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வராந்தாவில்கூட இடமில்லை, கைக்குழந்தையை உடன் விட முடியாது என்றுவிட்டார்கள். எனக்கும் அதற்குள் காய்ச்சல், பக்கத்து வீட்டு அத்தை வீட்டில் நினைவில்லாமல் கிடந்தேன். அப்பா என்ன செய்வார்? இரண்டு குழந்தைகளையும் நானா கையில் கொடுத்தார்.

தினமும் அப்பா நானாவின் கடை வாசலில் போய் நின்று விசாரிப்பார். உள்வீட்டில் பெண்கள் இருக்கும் இடத்துக்கு வெளி ஆண்கள் போவதில்லை. "குடிக்கிறான், டின் பால் குடுக்கிறோம்" என்று நானா சொல்வார். அப்பா தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒருநாள் நானா குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். தம்பியைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அப்பாதான் கொண்டுபோய்ப் புதைத்தார்.

அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் சொன்னார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசியா என்ன குடிச்சான்?"

"டின் பால்" என்றார் அப்பா.

அன்று முறிந்துபோனார் அம்மா. டின் பால் குடித்த குழந்தை என்ன ஆகும் என்று அவர் கண்ணால் பார்த்தவர். நானாவின் மகளுக்கு நிற்காத பால் தன் மகனுக்கு மட்டும் நின்றிருக்குமா? பிள்ளை பசியோடு கத்திக் கத்திச் செத்தான் என்று முடிவே கட்டிவிட்டார். குழாயடியில் பெண்கள், "ஊரான் புள்ளைக்கு ஊட்டிட்டு சொந்தப் புள்ளைய விட்டுட்டா" என்று அவர் காதுபடப் பேசினார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வாய்க்கு வாய் கொடுக்கும் அம்மா அதற்கு மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அந்தப் பெண் குழந்தை பிழைத்தது; போகப் போக அவளுக்கு டின் பால் பழகிவிட்டது என்றே நினைத்தோம். கலேவெலயில் இருந்த நானாவின் தங்கை அவளை எடுத்துப்போய் வளர்த்தார். நாங்கள் அவரை அக்கா முறையில் ராத்தா என்போம். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் நானா மகளை அம்மாவிடம் கூட்டி வருவார். அம்மா அவளுக்குத் தலை சீவிவிட்டுச் சோறு ஊட்டுவார். சில நாள் அவள் முகத்தைப் பார்க்கவே முடியாமல் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ராத்தா மட்டும் வந்ததே இல்லை.

இத்தனைக்கும் வாசலில் கஞ்சிப் பானை நிற்கவில்லை. காய்ச்சல் போய் யுத்தப் பஞ்சம் வந்தது, அப்போதும் ஊற்றினார். அதைத்தான் எல்லோரும் தர்மம் என்றீர்கள். எனக்குத் தெரிந்தவரை அது தர்மமில்லை. பசி என்ற வார்த்தையை அம்மாவால் தாங்க முடியவில்லை. சோற்றில் கை வைத்தபடி, "எம் புள்ள பசியோட போனானே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நானும் அப்பாவும் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவோம். பத்து வருஷம் எங்கள் வீட்டில் சோறு இறங்கியது இப்படித்தான்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்கு முன்பே நானா காலமாகிவிட்டதால், செய்தி கேட்டுச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு ராத்தாவே பஸ் ஏறி வந்தார். ராத்தா கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அம்மா வழக்கம்போல முனகினார், "டின் பால்ல என்ன இருக்கு... பசியோடல்ல போனான்."

ராத்தா திடுக்கிட்டு எழுந்தார். "டின் பால்ண்டு யாரு சொன்ன? நான்தானே பால் குடுத்த!"

அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நான்தான் குடுத்த. நானாதான் சொன்ன, அவங்க கோயில் குளம்ண்டு இருக்கிற ஆக்கள், கேக்காமக் குடுத்துட்டம், தெரிஞ்சா மனசு நோகும், வெளிய சொல்லாதேண்டு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுதான் கோவமா இருக்கிறீங்கண்டு நெனச்சித்தான் நான் இந்தப் பக்கமே வரல்ல."

அம்மா, "குடிச்சானா?" என்று கேட்டார்.

"வயிறு நெறையக் குடிச்ச. கடசி நாளும் குடிச்ச. குடிச்சிட்டு என்ட மடியிலதான் தூங்கின. அப்புறம் எழும்பல்ல."

நானா தங்கமான மனிதர். ஆனாலும் எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர் காத்த அந்த மரியாதை பத்து வருஷம் அம்மாவை உயிரோடு அரித்ததை நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காத எங்கள் மேலும்தான்.

அம்மா வெகுநேரம் அழுதார். பிறகு அழுகையை நிறுத்தி ராத்தாவையே பார்த்தார். "அப்ப ஒங்களுக்கு எப்படிப் பால் இருந்திச்சு? ஒங்க புள்ள எங்க?"

ராத்தா குனிந்துகொண்டார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அண்டு, அவன கலேவெலயில அடக்கிப்போட்டுத்தானே நானா வீட்டுக்கு வந்த. அதே காச்சல்தான். இவ்வளவு காலத்துக்கு யாரும் கேக்கல்ல."

அம்மா அவர் கையைப் பிடித்து, "பேரு வச்சீங்களா?" என்றார். ராத்தா பெயரைச் சொன்னார். அம்மா அதைத் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் கையை விடவில்லை. அதற்கு அடுத்த வாரம் அம்மா கண்ணை மூடினார்.

அம்மாவைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், காரியங்களைச் செய்து வைத்த குருக்களுக்கும், கூப்பன் அரிசியில் பங்கு கொடுத்த அயலவர்களுக்கும், கலேவெலயிலிருந்து வந்து என்னைவிட அதிகமாக அழுத, அம்மாவின் பால் குடித்த என் தங்கைக்கும், ராத்தாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கலேவெல மண்ணில் ராத்தாவின் மகன் உறங்குகிறான். என் தம்பி கடைசியாகக் குடித்தது அவனுடைய பாலைத்தான். அவனுக்கும் எங்கள் நன்றி.