நான் கொட்டிய தினை

பொன்னி தானாகவே தீனி தின்னப் பழகிவிட்டது என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யால் ஓர் உயிர் போயிற்று. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பொன்னி ஒரு கொக்கட்டீல் குஞ்சு. கிளி இனம்தான். சாம்பல் உடம்பு, வெளிர்மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, தலையில் ஒரு கொண்டை. பதுளையில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த கோகிலா அதைப் பசறையில் வாங்கி வந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் ஆசிரியை. விடிந்ததும் பஸ் ஏறினால் நான்கு மணிக்குத்தான் திரும்புவாள்.

"அக்கா, இதுக்கு அஞ்சு கிழமைதான் ஆகுது. தானா திங்கத் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு தடவ ஊட்டணுமாம். நீங்க வீட்டுலதானே தைக்கிறீங்க... பாத்துக்குவீங்களா?"

நான் தயங்கினேன். பறவை வளர்த்துப் பழக்கமில்லை. கணவர் பண்டாரவளைக் கடையில் வேலை. கிழமைக்கு ஒருநாள் வருவார். பிள்ளைகள் இருவரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பாடசாலைச் சீருடைகளும் தையல் மெஷினும் மட்டுமே துணையாயிருந்த வீட்டில் ஒரு கூடு வந்து உட்கார்ந்தது.

குஞ்சுத் தீனி மாவை வெந்நீரில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சூடு மிஞ்சினால் குஞ்சின் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் செரிக்காது. பறவை விற்றவர் சொன்னதைக் கோகிலா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

முதல்நாள் பயந்துகொண்டேதான் சிரிஞ்சை நீட்டினேன். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி, துருப்பிடித்த கீல் போலக் கிறீச்சிட்டுக்கொண்டு, சிரிஞ்சை அப்படியே கவ்வியது! கழுத்துக்குக் கீழே தீனிப்பை மெல்ல மெல்ல உப்பிவந்தது. அதன் இளஞ்சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அன்றே எனக்கு அந்தக் குஞ்சின்மீது பைத்தியம் பிடித்துவிட்டது.

இத்தனை சிறிய தலைக்குள் என்னதான் நடக்கிறது? குக்கர் விசிலடித்தால் கொண்டை குத்திட்டு நிற்கும். நான் சிவப்புத் துப்பட்டா போட்ட நாளில் கொண்டையைத் தலையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பாம்புபோலச் சீறியது. வெள்ளைத் துப்பட்டாவுக்கு மாற்றினேன், சீற்றமில்லை. மறுபடியும் சிவப்பு... மறுபடியும் சீற்றம்! அரைமணி நேரம் இப்படியே விளையாடியதில் நண்பகல் லுஹர் தொழுகை பிந்திப்போனது. சில நேரம் அலகை அரைத்து ஒரு சத்தமிடும். நோயோ என்று அஞ்சினேன். நிம்மதியாகத் தூக்கம் வரும்போதுதான் அப்படி அரைக்கிறது என்பது சில நாள் கவனித்த பிறகே புரிந்தது. அதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது? குஞ்சிடமே சொன்னேன்.

ஏழாவது கிழமையில் கோகிலா தினை வாங்கி வந்தாள்.

"இனிமே சிரிஞ்சக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணுமாம்க்கா. தானா கொறிச்சுப் பழகணுமாம்."

குறைக்கத்தான் நினைத்தேன். அன்று பகல் வெறுங்கையோடு கூட்டைத் திறந்தேன். பொன்னி ஓடிவந்து என் மடியில் ஏறியது. விரல்நுனி ஒவ்வொன்றையும் கொத்திப் பார்த்தது. சிரிஞ்சு இல்லை. என் முகத்தை ஒரு கண்ணால் உற்றுப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுக்குள் போய்விட்டது.

அப்படியானால் இத்தனை நாள் அது ஓடிவந்தது யாரிடம்? என்னிடமா, சிரிஞ்சிடமா?

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் வெந்நீர் வைத்தேன்.

அடுத்த நாளும் வைத்தேன். அதற்கடுத்த நாளும்... கோகிலா வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் வயிறு நிறைய ஊட்டிவிடுவேன். மாலையில் அவள் வந்து கொஞ்சும்போது குஞ்சு பசியின்றிச் சமர்த்தாக இருக்கும். தினைக் கிண்ணத்தில் பாதியைக் கொல்லையில் கொட்டிவிடுவேன். சிட்டுக்குருவிகள் தின்று தீர்த்தன. பொன்னி ஒன்றிரண்டு மணியை உடைத்துத் துப்பி விளையாடும், உமி கிடக்கும், உள்ளே போனதோ ஒன்றுமில்லை.

"அட, பாதிக் கிண்ணம் காலியாயிருச்சே! சிரிஞ்ச விட்டாச்சாக்கா?"

"ஒரு கிழமையாச்சு."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பதில்! நீங்கள் நம்பமாட்டீர்கள், அவள் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

பாடசாலை விடுமுறை வந்தது. கோகிலா கொஸ்லந்தவுக்குப் புறப்பட்டாள். அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவளுடைய அம்மா தனியே இருந்தார். அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்று கூட்டையும் எடுத்தாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"இவ்வளவு தூரம் பஸ்ல குலுங்குமே... இங்கேயே இருக்கட்டுமே" என்றேன்.

"பயப்படாதீங்கக்கா. தானா திங்கிற பிள்ளதானே."

அப்போதே சொல்லியிருக்கலாம். மாவு டப்பாவையும் சிரிஞ்சையும் அவள் பையில் வைத்துவிட்டு, 'இன்னும் பழகவில்லை, ஊட்டு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாசற்படியில் நின்று கையசைத்தேன்.

இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, கத்திக்கிட்டே இருக்கு. தலைய ஆட்டி ஆட்டி எங்க வாயையே பாக்குது. தினை நிறையப் போட்டிருக்கேன், கொறிக்கிற மாதிரிதான் இருக்கு. உமியெல்லாம் கிடக்கு."

எனக்குத் தெரியும் அது என்ன கத்தல் என்று! உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இடம் மாறினதால இருக்கும். சரியாயிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கமா? ஆம். ஆனால் அது மட்டுமல்ல... எழுதவே கூசுகிறது. அது என்னைத் தேடித்தான் கத்துகிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அவளால் சமாளிக்க முடியாமல் நாளைக்கே திருப்பிக் கொண்டுவருவாள் என்று கணக்குப் போட்டேன். வெந்நீர்ப் போத்தலைக்கூடக் கழுவி வைத்தேன்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. கத்தல் அடங்கிவிட்டதால், தேறிவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

நான்காம் நாள் காலை, கூட்டின் அடியில் கிடந்ததாம்.

விடுமுறை முடிந்து வெறுங்கூட்டோடு வந்தவள், மாடிக்குப் போகாமல் நேரே என் அறைக்கு வந்தாள். என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க அவ்வளவு பாடுபட்டு வளத்தீங்க. நான் நாலே நாள்ல கொன்னுட்டேன்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் அவள் முதுகைத் தடவி, "அல்லாஹ்வின் நாட்டம்" என்றேன். என் குற்றத்தைக் கொண்டுபோய் இறைவன்மீது வைத்தேன்.

அதன் பிறகும் விட்டேனா? பறவைகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அறிந்தேன். பழகாத குஞ்சுக்குத் திடீரென ஊட்டலை நிறுத்தினால், தீனி குவிந்து கிடந்தாலும் பட்டினியில் போய்விடும் என்றார் பறவை வளர்க்கும் ஒருவர். ஊட்டியவளைக் குஞ்சு அடையாளம் காணுமா என்றும் கேட்டேன். "காணும்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே இத்தனையும் செய்தேன்? கேட்டபோது தாங்க முடியவில்லை.

கோகிலா திருமணமாகிப் பசறைக்குப் போய்விட்டாள். சென்ற மாதம் பதுளைச் சந்தையில் கண்டேன். நிறைமாத வயிறு. எனக்குக் கண் நிறைந்தது. அவளோ குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு மட்டும் பயமா இருக்குக்கா. பக்கத்துலயே இருந்தும் ஒரு குஞ்சோட பசி எனக்குப் புரியலியே... இதுக்குப் பசிச்சா எனக்குத் தெரியுமா?"

தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தெரியும் புள்ள, தெரியும்" என்றேன். அவ்வளவுதான்.

"பிள்ள பொறந்ததும் கொஞ்ச நாள் நீங்க வந்து கூட இருப்பீங்களா? உங்களுக்குத்தான் பொறுமை. எப்படி ஊட்டணும்னு நீங்க சொல்லிக் கொடுங்கக்கா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாளைக்குப் பசறை பஸ் ஏறுகிறேன். வழியிலேயே சொல்லும் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்... ஆனால் என்னை எனக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டு குழந்தையை என் கையில் கொடுப்பாள், நானும் வாங்கிக்கொள்வேன்.